உளுவைக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அப்பாவுக்குக் கேட்டுவிடுகிறது. முட்டி போய்விட்டது, கண்ணில் புரை விழுந்துவிட்டது, காது மட்டும் இளவட்டத்துக் காது மாதிரி இருக்கிறது. எழுத்துதான் அவருக்குத் தெரியாது. அதனால் தாளில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் என் எழுத்தில் ஒரு கொம்போ காலோ இடம் மாறாது என்பது உனக்குத் தெரியும். நான் எழுதி நீ பள்ளிக்கூடத்தில் கொடுத்த லீவு லெட்டரைப் பார்த்து, ‘உங்க வூட்ல யாருடா டீச்சரு?’ என்று உன் வாத்தியார் கேட்டது எனக்கு இன்னும் பெருமைதான். படித்துவிட்டு என் மருமகள் மலரிடமும் கொடு. உன் ஆராய்ச்சி மேடம் கேட்டால் அவருக்கும் காட்டு. மறைக்க வேண்டியது இதில் ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். உன் ஊரிலிருந்து நாங்கள் திரும்பி வந்ததிலிருந்து உன் அப்பா உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம், ‘அப்பா மோட்டார் போடப் போயிருக்காரு’ என்று நான் சொல்கிறேனே, அது பொய். பக்கத்தில்தான் இருப்பார். போன் அடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அதை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியும், இத்தனை வருஷமாக இறக்கியவள்தானே. இது வேறு. உன் குரலைக் கேட்கவே அவருக்குத் தெம்பில்லை. இதை எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லி நீ கேட்டிருக்க மாட்டாய். இப்போது சொல்கிறேன்.

நீ அந்த மீனைப் பற்றிப் போனில் சொல்லும்போதெல்லாம் நான் ஒகேனக்கல் உளுவையைத்தான் நினைத்துக்கொள்வேன். சின்னப் பையனாக இருந்தபோது ஆடிப் பதினெட்டுக்கு உன்னைக் கூட்டிப்போனோம். மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தாள் ஒருத்தி. எல்லாப் பிள்ளைகளும் வறுத்ததைக் கேட்டு அழுதபோது நீ மட்டும் வறுக்காததைப் புரட்டிப் பார்த்து, ‘இதுக்கு மட்டும் வயித்துல ஏன் கிண்ணம் இருக்குது?’ என்று கேட்டாய். ‘ஏன் சாமி, அதுல உனக்குச் சோறு போடணுமா?’ என்று அவள் சிரித்தாள். பாறையில் ஒட்டிக்கொள்ள அதற்கு இருக்கிற அந்தக் கிண்ணத்தைப் பார்த்த பையன்தான் இப்போது கடலோரத்தில், முட்டிவரை சேற்றில் நின்றுகொண்டு, அதே குடும்பத்தில் விரல்கணு அளவே உள்ள ஒரு உளுவைக்குப் பெயர் தேடுகிறான். என் மகன் என்ன வேலை செய்கிறான் என்று இண்டூர்ச் சந்தையில் யாராவது கேட்டால், ‘மீன் ஆராய்ச்சி’ என்று நான் சத்தமாகச் சொல்வேன். ‘வலை போடறானா?’ என்று கேட்பார்கள். ‘பேரு வெக்கறான்’ என்பேன்.

நாங்கள் புறப்பட்ட அன்று உன் அப்பா இரண்டு கேன் நிறைய நம் ஊர்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தார். எதற்கு என்றால், ‘அந்தப் பக்கம் உப்புத் தண்ணி. பாப்பா அதையா குடிக்கும்?’ என்றார். பேத்திக்கு நான் முறுக்கும் கேழ்வரகு மாவும் எடுத்து வைத்தேன், அவர் தண்ணீர் எடுத்து வைத்தார். சேலத்தில் பஸ் மாறும்போது கண்டக்டர் கேனைப் பார்த்து, ‘ஏன் பெரியவரே, கடலுக்கே தண்ணி எடுத்துக்கினு போறீங்களா?’ என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. ‘கடல்ல இருக்கறத நீ குடிப்பியா தம்பி?’ என்றார் இவர். அதற்கும் சிரித்தார்கள். கேனைக் கீழே வைக்காமல் இரண்டு கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் மலர், ‘மாமா, எங்களுக்கு கேன் தண்ணி வீட்டுக்கே வருதுங்க’ என்றாள். ‘அது கடைத் தண்ணி. இது ஆத்துத் தண்ணி’ என்று சொல்லி அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார்.

உனக்குத் தெரியாததா? இருந்தாலும் எழுதுகிறேன், மலருக்குத் தெரியட்டும். நீ பிறந்து வளர்ந்த காலத்தில் நமக்கு ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. போர்த் தண்ணீர்தான். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைக் குடித்து உன் பல்லில் காவி ஏறியது. உன் வயசுப் பிள்ளைகள் எல்லோருக்கும்தான் ஏறியது. நாங்கள் ஏதோ நீ பல் துலக்குவதில்லை என்று நினைத்து, செங்கல் பொடியில்கூடத் தேய்க்க வைத்தோம். தண்ணீர்தான் காரணம் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் சொன்ன நாளிலிருந்து உன் அப்பா சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு, நல்ல தண்ணீர் என்று எங்கே சொன்னாலும் போவார். பென்னாகரம் ரோட்டில் பாதி தூரம் போய்க்கூடக் கொண்டுவந்திருக்கிறார். அதற்குள் பல் முளைத்துக் காவியும் ஏறிவிட்டது. பத்தாம் வகுப்பு போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நீ உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறாய். அந்தப் போட்டோவை அவர் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்த அன்று முதல் சொம்பை உனக்குத்தான் கொடுத்தார். நீ அப்போது காலேஜ் பையன். ‘இனிமே குடிச்சி என்ன ஆவப்போவுதுப்பா’ என்று சிரித்துக்கொண்டே குடித்தாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய்.

அந்த மனுஷன்தான் கேனைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தார்.

இரண்டாம் நாள் நீ எங்களைக் கடலும் ஆறும் கலக்கிற கழிக்குக் கூட்டிப்போனாய். கடல் தண்ணீர் வற்றி, கருஞ்சேறு பளபளவென்று கிடந்தது. அந்தச் சேற்றில் கால் வைக்க நான் மாட்டேன் என்றேன், கரையில் பாப்பாவோடு உட்கார்ந்துகொண்டேன். நீ கையைக் காட்டி, ‘அந்தக் குழி தெரியுதாம்மா? அதுல ஒரு இறாலும் இந்த உளுவையும் ஒண்ணாக் குடியிருக்குது. இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அது பாட்டுக்கு மண்ணை வெளிய தள்ளிக்கினே இருக்கும். உளுவை வாசல்ல காவல். இறால் மீசையால மீனோட வாலைத் தொட்டுக்கினே இருக்கும். ஆபத்துன்னா மீன் வாலை ஆட்டும், ரெண்டும் உள்ள ஓடிடும்’ என்றாய். ‘எங்க வூட்டு சமாச்சாரம்தான். ஒருத்தர் மண்ணு வெட்டறது, ஒருத்தி பாத்துக்கினு நிக்கறது’ என்றேன். உன் அப்பாகூடச் சிரித்தார். உப்பு அளக்கிற குழாயைக் கொடுத்து என்னையும் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னாய். மேலே நீலம், கீழே வெள்ளை. நடுவில் இருக்கிற கோடுதான் உப்பின் அளவு என்றாய். முழு உப்பும் இல்லாமல் முழு நல்ல தண்ணீரும் இல்லாமல், இரண்டும் கலக்கிற இந்த ஒரு ஓரத்தில்தான் அது இருக்கிறது என்றும், வேறு எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றும் சொன்னாய். நீ சொன்னதை நானும் கேட்டேன், அவரும் கேட்டார். கேட்டோமே தவிர அது எங்களுக்குள் போகவில்லை. உப்புத் தண்ணீரில்தான் ஒரு உயிர் நன்றாக இருக்கும் என்பது நம் ஊர் ஆட்களின் மண்டையில் ஏறுகிற விஷயமா, நீயே சொல்.

அப்போதுதான் அந்தப் பக்கத்தில் நின்ற பொக்லைனைக் காட்டினாய். படகு உள்ளே வர ஆழம் போதவில்லை, அந்த ஓரத்துச் சேற்றை எல்லாம் வாரப்போகிறார்கள் என்றாய். யார் மேலும் குறை சொல்லவில்லை நீ. ‘படகுக்காரங்க பாவம்மா, தண்ணி ஏறுற வரைக்கும் மீனோட வெளியவே நிக்கறாங்க. அவங்களுக்கு வழி வேணும். நான் நிறுத்தச் சொல்லல. வார்றதுக்கு முன்னாடி இங்க இது இருந்துச்சுன்னு பேர் சொல்லி எழுதிடணும். பேரே இல்லாம ஒண்ணு போயிடக் கூடாது’ என்றாய். நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

பின்கட்டு அறையில் டப்பில் இருந்த மீனைப் பற்றி நீ எத்தனை தடவை சொன்னாய். முன்பு பிடித்ததெல்லாம் ஸ்பிரிட் பாட்டிலில் வெந்த அரிசி மாதிரி வெளுத்துக் கிடந்தது. துடுப்பில் உள்ள முள்ளை எண்ணலாம், செதிலை எண்ணலாம், ஆனால் இதே மாதிரி இருக்கிற இன்னொரு உளுவையிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல, கன்னத்தில் ஓடுகிற நீலக் கோட்டை உயிரோடு பார்க்க வேண்டும் என்றாய். செத்தால் அந்த நிறம் முதலில் போய்விடும். அப்படி நிறம் கட்டிய ஆண் மீன் ஒன்று இப்போதுதான் சிக்கியது. மேடம் வந்து அதைப் பார்த்து, நல்ல கேமராவில் படம் எடுத்து, இது இதுதான் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவரை அழைத்துவர நீ அன்று மதியம் ஸ்டேஷனுக்குப் போனாய். போகும்போது எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: ‘பாப்பாவ டப்புகிட்ட விட்றாதீங்க.’ சரி, ஆபத்து பாப்பாதான் என்று நாங்கள் அவளைப் பிடித்துக்கொண்டோம்.

நீ போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. டப்பில் குமிழி விடுகிற மெஷின் நின்றுவிட்டது. உன் அப்பாதான் டப்பில் முகத்தை ஒட்டி வைத்து முதலில் பார்த்தார். ‘ஏ, இங்க வா. வாயைத் தொறந்து தொறந்து மூடுது பாரு.’ போய்ப் பார்த்தேன். அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற மீன் மேலே வந்து டப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாயை வாயைத் திறந்தது. தண்ணீர் கலங்கிப் பழுப்பாக இருந்தது. உனக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, வண்டியில் இருந்திருப்பாய். மலருக்குப் போட்டேன், மீட்டிங்கில் இருந்திருப்பாள். ‘தாகத்துல தவிக்குது. இந்தச் சாக்கடைத் தண்ணில எதுதான் பொழைக்கும்?’ என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை, கண்ணு. ஊற்றுங்கள் என்றும் சொல்லவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். மீனை ஒரு சொம்பில் முகந்து வைத்துவிட்டு, பழைய தண்ணீரை ஜலதாரையில் சாய்த்துவிட்டு, அடுப்படியிலிருந்து இரண்டு கேனையும் தூக்கிவந்து நம் ஊர்த் தண்ணீரை டப்பில் ஊற்றினார். மீதி வைக்காமல் ஊற்றினார். பாப்பாவுக்கு என்று கொண்டுவந்தது அது.

விட்டதும் மீன் துள்ளியது. டப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி துள்ளியது. ‘பாத்தியா! பாத்தியா! எப்படித் துள்ளுது பாரு!’ என்று உன் அப்பா கை தட்டினார். பாப்பாவும் கை தட்டினாள். நானும் சிரித்தேன். அது தவிப்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு அது ஒருக்களித்துச் சாய்ந்தது. அவர் விரலால் நிமிர்த்தி விட்டார். மறுபடி சாய்ந்தது. கன்னத்தில் இருந்த நீலம் எங்கள் கண் எதிரிலேயே மங்கிக்கொண்டே போனது. துணியில் சாயம் போகிற மாதிரி இல்லை, விளக்கில் எண்ணெய் தீர்கிற மாதிரி. நீ கதவைத் திறந்து, ‘வாங்க மேடம்’ என்று சொல்லிக்கொண்டே வந்தபோது அவர் டப்பின் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார்.

நீ டப்பைப் பார்த்தாய். கேனைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ‘தண்ணி மாத்திட்டேன்டா, நல்ல தண்ணிதான்’ என்றார் அவர். நீ மேடத்தின் பையைக் கீழே வைத்தாய். அப்புறம், ‘பரவால்லப்பா’ என்றாய். அவ்வளவுதான். அந்த அம்மாள் நல்ல மாதிரி. கீழே உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், இருந்தவரைக்கும் படம் எடுத்தார், ‘இதை வெச்சு உறுதியாச் சொல்ல முடியாது தம்பி, தெரிஞ்ச இன்னொரு உளுவை மாதிரி இருக்குன்னுதான் எழுதலாம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நீ அவரை வழியனுப்பிவிட்டு வந்து எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாய். சர்க்கரை போதுமா என்று உன் அப்பாவிடம் கேட்டாய். மறுநாள் பஸ் ஏற்றிவிட்டபோதும், பார்த்துப் போங்கப்பா என்று மரியாதையாகச் சொன்னாய். ஊர் வரும்வரை காலி கேன் இரண்டும் காலடியில் உருண்டுகொண்டே வந்தன.

போன வாரம் நீ சொன்னாய், சேற்றை வாரி முடித்துவிட்டார்கள், அந்த ஓரமே இப்போது இல்லை, வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்று. அதை வாசலில் இருந்தபடியே அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து தட்டில் வைத்த சோறு பாதி அப்படியே இருக்கிறது. தினமும் ஒரு தடவை கேட்கிறார்: ‘அதுக்குப் பேரு கண்டுபுடிச்சிட்டாங்களாமா?’ இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்று பொய் சொல்லவும் முடியவில்லை. ‘தேடறாங்க’ என்கிறேன். வேலையை விடு, விடாதே என்று நான் எப்படிச் சொல்வது? உன் வேலையின் தலையும் வாலும் எனக்குத் தெரியாது. அந்தச் சேறு திரும்பி வருமா என்றும் தெரியாது. எனக்குப் பெருமைப்படத் தெரியும், அவ்வளவுதான். பெருமையை வைத்துக்கொண்டு ஒரு மீனைப் பிழைக்க வைக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். நீ எட்டாவது படிக்கும்போது ஆடு மேய்க்கப் போய் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாய். ஆடுகள் தக்காளித் தோட்டத்தில் புகுந்து, பூவும் பிஞ்சுமாக இருந்ததை எல்லாம் மேய்ந்துவிட்டன. அந்த வருஷத்து நம்பிக்கையே அந்தத் தோட்டம்தான். அன்றைக்கு உன் அப்பா உன்னைத் திட்டிய திட்டு தெருக்கோடி வரை கேட்டது. ‘கண்ணு என்ன பொடணியிலயாடா இருக்குது உனக்கு? நீயெல்லாம் எதுக்குடா உருப்படுவ?’ என்று கத்தித் தீர்த்தார். நீ அழுதாய், எதிர்த்தும் பேசினாய். பொழுது சாய்ந்ததும் இரண்டு பேரும் ஒரே தட்டில் களி தின்றீர்கள். சண்டை அந்தத் தட்டோடு முடிந்துபோயிற்று. அந்தத் தோட்டத்தைப் பற்றி அவர் அப்புறம் பேசியதே இல்லை. ஆட்டை விட்டது வெளியாளாக இருந்தால் அவர், ‘பரவால்லீங்க, ஆடுதான, வாயில்லாத ஜீவன்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

நீ உன் அப்பாவை வெளியாள் மாதிரி அனுப்பிவிட்டாய், கண்ணு. நீ நல்லது நினைத்துத்தான் சொன்னாய். படித்த பிள்ளை, பொறுமையான பிள்ளை, பெரியவரை நோகடிக்கக் கூடாது என்று நினைத்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தான் செய்தது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. அதற்கு ஒரு வசவுகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு வா. வாசலில் நின்று, ‘எதுக்குப்பா அதைத் தொட்டீங்க, என் இத்தனை நாள் உழைப்பு போச்சே’ என்று கேள். உனக்கு அழுகை வந்தால் அழு. அவர் எதிர்த்துப் பேசினால் பேசட்டும். நான் நடுவில் வர மாட்டேன். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று நீ கவலைப்படாதே.

இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் வந்து எதிரில் நின்றார். ‘யாருக்கு எழுதற?’ என்றார். உனக்குத்தான் என்றேன். உட்கார்ந்தார். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், சொன்னபடியே எழுதுகிறேன்: ‘தண்ணிய மாத்துனது அவங்கப்பன்தான்னு அந்த அம்மாகிட்ட சொல்லச் சொல்லு. பையன் கவனம் இல்லாதவன்னு அவங்க நெனச்சிரக் கூடாது. இன்னொரு மீன் எங்கயாவது கெடைச்சா சொல்லச் சொல்லு. நான் வர மாட்டேன். கெடைச்சுதுன்னு மட்டும் சொல்லச் சொல்லு.’

எழுதிவிட்டேன். ‘எழுதிட்டியா? படி’ என்றார். அவர் சொன்னதை மட்டும் படித்துக் காட்டினேன். ‘மேல என்னென்னமோ நெறைய எழுதியிருக்கற?’ என்று கேட்டார். ஊர் சமாச்சாரம் என்றேன். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உள்ளே போகிறார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு. நீ வந்து திட்டு.

அம்மா